ஐஸ் குச்சிப் பாலமும் ஆங்கில வகுப்பும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே திசையிலிருந்து வந்திருக்கின்றன: அமெரிக்காவின் கம்யூனிட்டி காலேஜ். அதிலும் பொறியியலின் முதல் வகுப்பும், ஆங்கிலத்தின் கீழ் வகுப்பும்தான் எல்லோரையும் படுத்துகின்றன. சினிமா, அரசியல் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள்க.

கே: பையன் பெர்க்லிக்குப் போவான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டோம். இப்போது கம்யூனிட்டி காலேஜ் என்கிறான். சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது? (ஃப்ரீமான்ட்)

ப: "பெர்க்லிதான், வழியில் இரண்டு வருஷம் தங்கிவிட்டுப் போகிறான்" என்று சொல்லுங்கள். பொய்யாகாது. முதல் இரண்டு ஆண்டுப் படிப்பைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது, கலிபோர்னியா 1960-ல் போட்ட மாஸ்டர் பிளானிலேயே இருக்கும் வழி. ஆப்பிளின் இரண்டு ஸ்டீவ்களில் ஒருவரான வாஸ்னியாக், உங்கள் ஊருக்குப் பக்கத்து டி அன்சா கல்லூரியில் படித்தவர். நடிகர் டாம் ஹாங்க்ஸ் ஹேவர்டில் இருக்கும் ஷபோ கல்லூரி. இதையெல்லாம் சொன்னாலும் சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள். எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தவனிடமே "ஏன், ஸ்டான்ஃபோர்டு கிடைக்கலையா?" என்று கேட்கும் இனம் அது.

கே: கம்யூனிட்டி காலேஜ் என்பது நம் ஊர் பாலிடெக்னிக்கா, மாலைக் கல்லூரியா, டுடோரியலா? (மதுரை)

ப: மூன்றும் ஒரே காம்பவுண்டுக்குள். 1901-ல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்பாக ஆறு மாணவர்களோடு ஆரம்பித்தார்கள். இன்று நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல். கலிபோர்னியாவில் மட்டும் 116. பள்ளி முடித்துவிட்டு யார் வந்து நின்றாலும் சேர்த்துக்கொள்வார்கள், அதுதான் இதன் அடிப்படை. ஒரு அறையில் வெல்டிங், அடுத்ததில் நர்ஸிங், மாடியில் கால்குலஸ். பக்கத்து பெஞ்சில் பதினேழு வயதுப் பையனும் இருப்பான், பேரன் எடுத்தவரும் இருப்பார். நம் ஊரில் டிப்ளமா முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் நுழைகிறார்களே, அதற்கு அண்ணன் முறை இது. இதில் மூன்றாம் ஆண்டிலேயே நுழையலாம்.

கே: கட்டணம் எவ்வளவு? (கோவை)

ப: கலிபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். மூன்று யூனிட் வகுப்பு என்றால் 138. கோவையிலிருந்து எஃப்-1 விசாவில் போகிறவருக்கு அதைப்போலப் பல மடங்கு. புத்தகம் தனி, பார்க்கிங் தனி. வீட்டு வாடகையைக் கேட்காதீர்கள், இந்தப் பக்கம் சிரிப்பதற்காக ஒதுக்கியது.

கே: பெண் 'இன்ட்ரொடக்‌ஷன் டு இன்ஜினியரிங்' என்று ஒரு வகுப்பு எடுத்திருக்கிறாள். வீடு முழுக்க ஐஸ் குச்சியும் பசையும். இதற்கா ஃபீஸ் கட்டினேன்? (டாலஸ்)

ப: இதற்கேதான். அந்தக் குச்சிப் பாலத்தின் நடுவில் எடையைத் தொங்கவிட்டு, உடையும்வரை ஏற்றிக்கொண்டே போவார்கள். பெரும்பாலும் மார்க் எதற்குத் தெரியுமா? பாலம் தாங்கிய எடையை, பாலத்தின் சொந்த எடையால் வகுத்து வரும் எண்ணுக்கு. அதனால் கிலோக்கணக்கில் குச்சியை ஒட்டி ஜெயிக்க முடியாது. எந்தக் குச்சி வேலை செய்கிறது, எது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று யோசிக்க வேண்டும். யோசித்தால் சதுரம் கோணிக்கொள்ளும், முக்கோணம் கோணாது என்று கை சொல்லும். பாதிப் பாலங்கள் குச்சியில் உடையாமல் ஒட்டிய இடத்தில்தான் பிய்யும். நிஜப் பாலங்களிலும் இணைப்புதான் தலைவலி என்பது அப்போது புரியும்.

சில கல்லூரிகளில் பாலத்துக்குப் பதில் எலிப்பொறியின் ஸ்பிரிங்கில் ஓடும் வண்டி, அல்லது மாடியிலிருந்து போட்டாலும் உடையாத முட்டைப் பெட்டி, அல்லது ஆர்டுயினோ பலகையில் விளக்கு எரிய வைப்பது. கூடவே ஸாலிட்வொர்க்ஸில் வரைவது, மேட்லேபில் நாலு வரி நிரல், அலகுகளை மாற்றுவது, விடையில் எத்தனை தசமம்வரை எழுத உரிமை உண்டு என்பது. (கால்குலேட்டர் பத்து இலக்கம் காட்டினால் பத்தையும் எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. ஸ்கேலில் அளந்தவனுக்கு அந்த உரிமை கிடையாது.) எல்லாவற்றுக்கும் மேலாக, சிவில்காரர் காலையில் எழுந்து என்ன செய்கிறார், கெமிக்கல்காரர் என்ன செய்கிறார் என்று ஒரு செமஸ்டர் காட்டுகிறார்கள். நம் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் எந்தப் பிரிவைத் தருகிறதோ அதன்மேல் காதல் வரவேண்டும். அங்கே பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பார்த்துவிட்டு "எனக்கு இது வேண்டாம்" என்று கணக்கியலுக்கு ஓடும் பிள்ளைகளும் உண்டு. அதற்கு வருத்தப்படாதீர்கள். நான்காம் ஆண்டில் தெரிவதைவிட முதல் செமஸ்டரில் தெரிவது மலிவு.

கே: மறுபடி நான்தான். பாலம் 40 கிலோ தாங்கியதாம். பெருமைப்படலாமா? (அதே டாலஸ்)

ப: 41-ல் ஏன் உடைந்தது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறாளா என்று பாருங்கள். எழுதியிருந்தால் தாராளமாக.

கே: பொறியாளனுக்கு எதற்குங்க ஆங்கிலக் கட்டுரை? கணக்கு வந்தால் போதாதா? (திருநெல்வேலி)

ப: 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் அடித்தது. ஆபத்தா என்று ஆராய்ந்த பொறியாளர்கள், மேலதிகாரிகளுக்கு ஸ்லைடு தயாரித்தார்கள். முன்பு சோதனைகளில் இறக்கை ஓடுகள்மீது எறிந்து பார்த்த துண்டு 3 கன அங்குலம். இப்போது அடித்ததாகக் கருதப்பட்டது 1,920 கன அங்குலம். 640 மடங்கு! இந்தச் செய்தி ஸ்லைடின் எந்த இடத்தில் இருந்தது? அடியில், சின்ன எழுத்தில், உட்பிரிவுக்குள் உட்பிரிவாக. தலைப்போ பயப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில். பிப்ரவரி 1-ம் தேதி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு கலம் சிதறியது. தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டி அந்த ஒற்றை ஸ்லைடை வரிவரியாகப் பிரித்து எழுதினார். விசாரணைக் குழுவும், முறையான அறிக்கைக்குப் பதில் ஸ்லைடு காட்டும் பழக்கத்தைத் தன் அறிக்கையிலேயே கண்டித்தது.

கடைசி வரி மேலே ஏறியிருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. படித்தவர்கள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். கணக்கு சரியாகத்தான் வந்திருந்தது, ஐயா. வாக்கியம்தான் வரவில்லை. அமெரிக்கப் பொறியியல் பட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் ஏபெட் அமைப்பு மாணவனிடம் எதிர்பார்க்கும் ஏழு திறன்களில் ஒன்று, பலதரப்பட்டவர்களுக்கும் புரியும்படி சொல்லத் தெரிவது. அலங்காரத்துக்காக வைத்ததல்ல.

கே: அமெரிக்காவிலேயே பிறந்தவனுக்கு எதற்கு 'டெவலப்மென்டல் இங்கிலீஷ்'? சிரிப்பாக இல்லை? (திருச்சி)

ப: தமிழ்நாட்டிலேயே பிறந்தவர்கள் எல்லோரும் தமிழில் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதிவிடுகிறார்களா? எங்கள் தபால் பையைக் காட்டட்டுமா?

கே: சரி, அந்த வகுப்பில் என்னதான் நடந்தது? ஏன் அதைப் பல மாநிலங்கள் இழுத்து மூடுகின்றன? (சிகாகோ)

ப: நல்ல எண்ணத்தில் கட்டிய படிக்கட்டுதான். சேரும்போது ஒரு தேர்வு. மார்க் குறைந்தால், கல்லூரி ஆங்கிலத்துக்குக் கீழே ஒரு படி, இரண்டு படி, சில இடங்களில் மூன்று படி தள்ளி உட்கார வைப்பார்கள். முதலில் வாக்கியம், பிறகு பத்தி, அப்புறம்தான் கட்டுரை. ஃபீஸ் உண்டு, பட்டத்துக்குக் கணக்கில் சேராது.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு படி கீழே 100 பேர். ஒவ்வொரு கதவிலும் நூற்றுக்கு எண்பது பேர் தாண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்; தாராளமான கணக்குதான். முதல் வகுப்பில் தேறியவர்கள் 80. விடுமுறை முடிந்து அடுத்த வகுப்பில் திரும்பி வந்து சேர்ந்தவர்கள் 64. அதில் தேறியவர்கள் 51. கல்லூரி ஆங்கிலத்தில் சேர்ந்தவர்கள் 41. அதையும் முடித்தவர்கள் 33. கவனியுங்கள், எந்த ஆசிரியரும் மோசமில்லை, எந்த வகுப்பிலும் பெரிய தோல்வியில்லை. ஆனால் மூன்றில் இரண்டு பேர் காணாமல் போய்விட்டார்கள். அவர்களில் பலர் ஆங்கிலத்தில் தோற்றவர்கள் அல்ல. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே கடையில் ஷிஃப்ட் மாறியது, குழந்தை பிறந்தது, கார் நின்றுபோனது. படி கூடக் கூட, வாழ்க்கை குறுக்கே வரும் சந்தர்ப்பமும் கூடுகிறது.

கே: நுழைவுத் தேர்வு சரியாகத்தானே பிரித்திருக்கும்? கம்ப்யூட்டர் தேர்வுதானே? (அட்லாண்டா)

ப: கம்ப்யூட்டர் மார்க்கைச் சரியாகக் கூட்டியது. பிரித்ததுதான் கோளாறு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆராய்ச்சி மையத்தில் ஜூடித் ஸ்காட்-கிளேட்டனும் கூட்டாளிகளும் ஆராய்ந்து பார்த்தபோது, ஆங்கிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், கணக்கில் நான்கில் ஒருவர், கடுமையாகத் தவறான இடத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். அதிலும் மேல் வகுப்பில் சமாளித்திருக்கக்கூடிய பிள்ளையைக் கீழே தள்ளியதுதான் அதிகம். நான்கு ஆண்டு பள்ளி மார்க்குகள் ஒரு நாள் தேர்வைவிட நன்றாகவே ஜோசியம் சொல்லின. பரவலாக இருந்த காம்பஸ் என்ற தேர்வை அதை நடத்திய நிறுவனமே 2016-ல் கைவிட்டது.

கே: தப்பாகத் தள்ளப்பட்டவர் யாராவது பிற்பாடு பெரிய ஆளாகியிருக்கிறாரா? (ஈரோடு)

ப: மைக் ரோஸ். தெற்கு லாஸ் ஏஞ்சலீஸில் ஏழை வீட்டுப் பையன். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது, ரோஸ் என்றே பெயர் கொண்ட இன்னொரு மாணவனின் மார்க்கை இவர் மார்க்காக எடுத்துக்கொண்டு, 'தொழிற்கல்விக்குத்தான் லாயக்கு' என்ற பிரிவில் போட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் அங்கேயே. ஓர் உயிரியல் ஆசிரியர், "இவன் இங்கே இருக்க வேண்டியவன் இல்லையே" என்று சந்தேகப்பட்டுக் கோப்பைப் பிரித்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. பிற்பாடு அவர் யு.சி.எல்.ஏ.வில் கல்விப் பேராசிரியர். பின்தங்கியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட மாணவர்களைப் பற்றி 1989-ல் அவர் எழுதிய 'லைவ்ஸ் ஆன் தி பவுண்டரி' இந்தத் துறையில் எல்லோரும் படிக்கும் புத்தகம். 2021-ல் காலமானார். எனக்கு உறுத்துவது அந்த இன்னொரு ரோஸ். அவனுக்கு இவருடைய மார்க் போயிருந்தால் அவன் கதை என்னவோ?

கே: தேர்வும் வேண்டாம், படியும் வேண்டாம் என்றால் பிள்ளையைத் தண்ணீரில் தள்ளிவிட்டு நீந்து என்பதா? (நியூ ஜெர்சி)

ப: கூடவே ஒருவர் குதிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மேரிலாந்தில் பால்டிமோர் கவுன்டியின் கம்யூனிட்டி காலேஜில் ஆங்கிலம் கற்பித்த பீட்டர் ஆடம்ஸ் 2007-ல் ஆரம்பித்து வைத்தார். இருபது பேர் வகுப்பு. பன்னிரண்டு பேர் நேராகத் தேறி வந்தவர்கள், எட்டுப் பேர் கீழ்வகுப்புக்குப் போயிருக்க வேண்டியவர்கள். எல்லோருக்கும் ஒரே கல்லூரி ஆங்கிலம், ஒரே கட்டுரை. வகுப்பு முடிந்ததும் பன்னிரண்டு பேர் கிளம்புவார்கள். எட்டுப் பேர் அதே ஆசிரியரோடு இன்னொரு மணி நேரம். அன்று குழம்பியதை அன்றே பிரித்துப் பார்ப்பது, நாளை கொடுக்க வேண்டிய கட்டுரையை இன்றே திருத்துவது. எட்டே பேர் என்பதால் "பஸ் வரவில்லை, குழந்தையைப் பார்க்க ஆளில்லை" என்ற பேச்சும் அங்கே வெளியே வரும். முந்தைய முறையைவிட மிக அதிகமானவர்கள் கல்லூரி ஆங்கிலத்தை முடித்தார்கள். பிறகு நாடெங்கும் பரவியது. டெக்சாஸ் 2017-ல் சட்டமே போட்டது.

கே: கலிபோர்னியாவிலும் சட்டமாமே? அதனால் வகுப்பில் ஃபெயில் கூடிவிட்டது என்று பேராசிரிய நண்பர் புலம்புகிறார். (சாக்ரமென்டோ)

ப: நண்பர் பொய் சொல்லவில்லை. ஏ.பி. 705 என்ற சட்டம், 2017. ஓராண்டுக்குள் கல்லூரி ஆங்கிலத்தையும் கணக்கையும் முடிக்கும் வாய்ப்பு எந்த வழியில் அதிகமோ, அந்த வழியில்தான் மாணவனை விட வேண்டும் என்றது. 2019 இலையுதிர் பருவத்திலிருந்து ஏறக்குறைய எல்லோருக்கும் நேரடி அனுமதி. ஒரு வகுப்பறையை மட்டும் பார்த்தால் தேர்ச்சி விகிதம் இறங்கியது. வாசலில் நின்று மொத்தத்தை எண்ணினால் ஓராண்டுக்குள் ஆங்கிலம் முடித்தவர்கள் கூடினார்கள். நண்பர் தன் முன்னால் தோற்றவனைப் பார்க்கிறார். முன்பெல்லாம் அவர் வகுப்புக்கே வந்து சேராதவனை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் நண்பர் பக்கம் ஒரு நியாயம் உண்டு. கூட வைக்க வேண்டிய துணை வகுப்புக்குக் காசு ஒதுக்காமல் கதவை மட்டும் திறந்துவிட்ட கல்லூரிகளில் சுமை முழுக்க ஆசிரியர் தலையில். அவர்களில் பலர் பகுதிநேர ஆட்கள். காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று, மாலையில் மூன்றாவது. 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்று தங்களுக்குத் தாங்களே பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய் "தனிக் கவனம் செலுத்துங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கே: இவ்வளவு பிழை விடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? வெளிப்படையாகக் கேட்கிறேன். (பெயர் வேண்டாம் என்றவர்)

ப: பெயர் வேண்டாம் என்றது நல்லதாயிற்று. 1970-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், நகரத்தில் பள்ளி முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தது. அங்கே சிட்டி காலேஜில் இருந்த மினா ஷாக்னஸி என்ற ஆசிரியர், புதிதாக வந்தவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். பிழைகளுக்குள் ஒரு தர்க்கம் ஓடுவதைக் கண்டார். ஒரு விதியைப் பாதி கற்றுக்கொண்டு எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறான். பேசும் மொழியின் இலக்கணத்தை எழுத்தில் வைத்துப் பார்க்கிறான். சோம்பேறித்தனமும் இல்லை, மூளைக் குறைவும் இல்லை, எழுதிப் பழகாததுதான் காரணம் என்று 1977-ல் புத்தகமாகவே எழுதிவிட்டார். இனி நீங்கள் சிவப்புப் பேனாவை எடுக்கும் முன் 4,000 வேண்டாம், நாற்பது படித்துப் பாருங்கள்.

கே: நான் பி.இ., இ.சி.இ. கணவரோடு எச்-4 விசாவில் வந்திருக்கிறேன். தமிழ் மீடியம், ஆங்கிலம் பேசக் கூச்சம். கல்லூரியில் சேரலாமா, எந்த வகுப்பு? (பெல்வியூ)

ப: தாராளமாகச் சேரலாம் அம்மா. எச்-4-ல் படிக்கத் தடையில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கத்தான் தனி அனுமதி வேண்டும். ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்: டெவலப்மென்டல் இங்கிலீஷ் வேறு, இ.எஸ்.எல். வேறு. முதலாவது ஆங்கிலம் பேசி வளர்ந்து எழுத வராதவர்களுக்கு. இரண்டாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கு; உங்களுக்கானது அதுதான். கவுன்சலரிடம் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள். பொறியியல் அறிமுக வகுப்பு உங்களுக்குத் தேவையில்லை. ஸாலிட்வொர்க்ஸோ பைத்தானோ, கையில் இல்லாததை எடுங்கள். பொலிவியாவில் கணக்கும் இயற்பியலும் கற்பித்த ஹைமே எஸ்கலான்டே, 1960-களில் ஆங்கிலம் தெரியாமல் கலிபோர்னியா வந்து, பசதீனா சிட்டி காலேஜில் இரவு வகுப்புக்குப் போனார். பிற்பாடு கார்ஃபீல்டு பள்ளியில் அவர் நடத்திய கால்குலஸ் வகுப்பு 1988-ல் சினிமாவாகவே வந்தது. உங்கள் கூச்சம் அவருக்கும் இருந்திருக்கும்.

கே: இரண்டு வருடப் படிப்பு என்கிறார்கள், என் தம்பி நாலாவது வருடமாகப் படிக்கிறான். ஏமாற்றுகிறானா? (ஹூஸ்டன்)

ப: சந்தேகப்படும் முன் அவன் எந்தக் கணக்கிலிருந்து ஆரம்பித்தான் என்று கேளுங்கள். பொறியியலுக்கு மாற கால்குலஸ் ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்ஸ்: பெரும்பாலும் ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொட முடியாது. அதுவே நாலு செமஸ்டர். இயற்பியல் கால்குலஸுக்குப் பின்னால் நிற்கும், ஸ்டாட்டிக்ஸ் இயற்பியலுக்குப் பின்னால் நிற்கும். அல்ஜீப்ராவில் ஆரம்பித்தவனுக்கு நாலு வருடம் நியாயமான கணக்குதான். பகலில் வேலையும் பார்க்கிறான் என்றால் அவனுக்கு ஒரு நல்ல சாப்பாடு போடுங்கள்.

கே: கம்யூனிட்டி காலேஜில் படித்தால் யு.சி.யில் இடம் உறுதி என்கிறார்களே? (இர்வைன்)

ப: ஆறு யு.சி. (கலிபோர்னியாப் பல்கலைக்கழக) வளாகங்களில் 'உறுதி அனுமதி' ஒப்பந்தம் உண்டு: டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலீஸ், சான் டியகோ கிடையாது. அந்த ஆறிலும் பொறியியல் என்றால் நிபந்தனை இறுகும், சில பிரிவுகளுக்கு உறுதியே இல்லை. எந்த வகுப்பு எங்கே செல்லும் என்பதைச் சேரும் முன் 'அசிஸ்ட்' பட்டியலில் பாருங்கள். முடித்த பிறகு பார்ப்பவர்கள்தான் அதிகம்.

கே: பெண்பிள்ளைக்குச் சரிப்படுமா? (சேலம்)

ப: அமெரிக்க விண்கலத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் ஐலீன் காலின்ஸ், 1999. அவர் முதலில் படித்தது நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் கார்னிங் கம்யூனிட்டி காலேஜ். சரிப்பட்டது.

கே: நம்ம ஊரில் இப்படி ஒன்றும் கிடையாதா? (புதுச்சேரி)

ப: உங்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே! இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரியை 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் ஒன்று. அந்த இயக்கத்தை வளர்த்தவர் சேவியர் அல்போன்ஸ் என்ற ஏசுசபைப் பாதிரியார். ஆனால் இவை பெரும்பாலும் கைத்தொழிலோடு நின்றன. அங்கிருந்து பி.இ. மூன்றாம் ஆண்டுக்கு ஏணி போட நாம் இன்னும் மனம் வைக்கவில்லை.

கே: அறிக்கையைச் சாட்ஜிபிடி எழுதிவிடும்போது ஆங்கில வகுப்பு எதற்கு? (பெங்களூரு)

ப: 1981-ல் கான்சஸ் சிட்டி ஹயாத் ரீஜென்சி ஓட்டலில் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் செத்தார்கள். ஒரே நீளக் கம்பியாக இருக்க வேண்டியதை இரண்டாக மாற்றியதில் ஓர் இணைப்பின்மேல் சுமை இரட்டிப்பானது. அந்த வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது. கவனமாகப் படித்துத்தான் முத்திரை போட்டார்களா என்பதே வழக்கு. இரண்டு பொறியாளர்கள் மிசௌரியில் உரிமம் இழந்தார்கள். சாட்ஜிபிடிக்கு உரிமமே கிடையாது, இழக்க.

கே: பையன் மார்க் என்ன என்று கல்லூரிக்கு ஃபோன் செய்தேன். "சொல்ல மாட்டோம்" என்கிறார்கள். அப்பன் நான்! (சான் ரமோன்)

ப: 1974-ம் வருஷத்துச் சட்டம் சார். கல்லூரியில் காலடி வைத்த நாளிலிருந்து பதிவேடு மாணவனுக்குச் சொந்தம், பதினாறு வயசானாலும். பெரும்பாலும் அவன் எழுதிக் கொடுத்தால்தான் உங்களிடம் வாய் திறப்பார்கள். பையனையே கேட்டுப் பாருங்கள். அவனும் சொல்ல மாட்டேன் என்றால் அது எந்தச் சட்டத்திலும் வராது. அவன் அம்மாவைக் கேளுங்கள்.